கடல் பிளாஸ்டிக் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப்: விண்ணப்பம் முதல் கடைசி வடிதாள் வரை

இன்டர்ன்ஷிப்பில் நான் முதன்முதலாக மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்த வடிதாளில் ஒரு சொட்டுக் கடல்நீர்கூடக் கிடையாது. வடிகட்டிய சுத்த நீரை எடுத்து, கடல்நீர் மாதிரிக்கு என்னென்ன செய்வோமோ அத்தனையும் அதற்கும் செய்து வடித்த தாள் அது. அதில் நீல நிற இழைகள் சுருண்டு கிடந்தன. இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். எனக்குப் பழக்கிக்கொடுத்த சீனியர் பதில் சொல்லாமல், லேப் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் சட்டைக் கையைக் காட்டினார். நீல நிற பாலியஸ்டர் சட்டை.

இந்தத் துறையில் பிளாஸ்டிக்கைப் பார்ப்பது எளிது. எங்கும் இருக்கிறதே! பார்த்த துகள் கடலிலிருந்து வந்ததா, நம் உடையிலிருந்தும் மேசையிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்ததா என்று பிரித்துச் சொல்வதில்தான் உழைப்பெல்லாம் போகிறது. இந்த வழிகாட்டியை அந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன். கல்லூரி இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களுக்கும், முதுகலை தொடங்கியவர்களுக்கும் இது உதவும்.

எந்தக் கேள்விக்குள் நுழைகிறீர்கள்

கொஞ்சம் பின்னணி தேவை. கார்ப்பென்டர், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் வட அட்லாண்டிக்கில் உள்ள சர்காசோ கடலின் மேற்பரப்பில் பிளாஸ்டிக் துணுக்குகள் மிதப்பதை 1972-இலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் நுண்நெகிழி, அதாவது மைக்ரோபிளாஸ்டிக் என்ற சொல் பரவலானது 2004-இல் ரிச்சர்ட் தாம்சனின் குழு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான துகள் என்பது இப்போது பெரும்பாலோர் ஏற்கும் எல்லை.

இரண்டு எண்களை மட்டும் சேர்த்து நினைவில் வையுங்கள். 2010 என்ற ஒரே ஆண்டில் நிலத்திலிருந்து கடலுக்குப் போன பிளாஸ்டிக் 48 லட்சம் முதல் 1 கோடியே 27 லட்சம் டன் வரை இருக்கலாம் என்று ஜென்னா ஜாம்பெக் குழு 2015-இல் கணக்கிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மார்கஸ் எரிக்சன் குழு உலகக் கடல்களின் மேற்பரப்பில் மிதப்பதைக் கணக்கிட்டபோது கிடைத்தது இரண்டரை லட்சம் டன்னுக்குச் சற்று அதிகம். மிதக்கும் மொத்தமே ஓர் ஆண்டு வரவில் சிறு பகுதிதான். மீதி எங்கே? கடலடிச் சேற்றிலா, கரை மணலிலா, உயிரினங்களின் உடலிலா, வலைக் கண்ணில் சிக்காத அளவுக்குச் சிறிதாகிவிட்டதா? நீங்கள் சேரப்போகும் ஆய்வகம் எதுவானாலும் இந்தக் கேள்வியின் ஏதோ ஒரு மூலையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். எந்த மூலை என்று தெரிந்துகொண்டு போனால் முதல் நாளே பேசுவதற்கு விஷயம் இருக்கும்.

படி 1: ஆய்வகத்தைத் தேடுவதும் கடிதம் எழுதுவதும்

கடல் பிளாஸ்டிக் ஆய்வு கடல் உயிரியல் துறையில் மட்டும் நடப்பதில்லை. சுற்றுச்சூழல் வேதியியல், பாலிமர் வேதியியல், மீன்வளம், கடல் இயற்பியல் எல்லாவற்றிலும் நடக்கிறது. உயிரியல் ஆய்வகத்தில் மீனின் குடலைத் திறப்பீர்கள். வேதியியல் ஆய்வகத்தில், ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காணும் நிறமாலைக் கருவியின் முன் உட்காருவீர்கள். நீரோட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் இடத்தில் ஒரு பீக்கரைக்கூடத் தொடாமல் இரண்டு மாதம் போகலாம். எது உங்களுக்குப் பிடிக்கும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பட்டியலில் ஐந்தாறு ஆய்வகங்கள் வந்ததும், ஒவ்வொன்றும் கடைசியாக வெளியிட்ட இரண்டு மூன்று கட்டுரைகளை எடுங்கள். முன்னுரையைத் தாண்டி நேராக வழிமுறைப் பகுதிக்குப் போங்கள். மாசு கலப்பதைத் தடுக்க என்ன செய்தார்கள், எத்தனை பிளாங்க் (மாதிரிக்குப் பதில் வெறும் சுத்த நீரை வைத்துச் செய்யும் சோதனை) ஓட்டினார்கள், எத்தனை துகள்களைக் கருவியால் உறுதி செய்தார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத இடத்தில் சேர நான் தயங்குவேன். அங்கே கற்கும் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது கடினம்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். சூழலைக் காக்க வேண்டும் என்ற ஆர்வத்தைப் பற்றி ஒரு வரி போதும், எல்லா விண்ணப்பத்திலும் அது இருக்கும். படிப்பவரை நிறுத்துவது, நீங்கள் அவருடைய வேலையைப் படித்திருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, நான் வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. கரை மணலிலிருந்து நுண்நெகிழியைப் பிரித்தெடுப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். உப்புக் கரைசலில் பிவிசி துகள்களின் மீட்பு குறைவாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அடர்த்தி கூடிய வேறு கரைசலில் அதே மணலை மறுபடி சோதித்தீர்களா என்று அறிய விரும்புகிறேன். கரைசல் தயாரிப்பு, வடிகட்டல், எடை பார்த்தல் ஆகியவற்றில் எனக்குப் பழக்கம் உண்டு. நிறமாலைக் கருவியை இதுவரை இயக்கியதில்லை. அடுத்த விடுமுறையில் எட்டு வாரம் முழுநேரமாக வர முடியும். என் மதிப்பெண் விவரமும் ஆசிரியர் ஒருவரின் தொடர்பும் இத்துடன் உள்ளன."

தெரியாததை மறைக்காமல் சொன்னது இந்தக் கடிதத்துக்குப் பலம்தான். பத்து நாளில் பதில் வராவிட்டால் சுருக்கமாக ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அதே ஆய்வகத்தின் ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்கு எழுதிப் பாருங்கள். அன்றாடம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவதே அவர்கள்தான். உங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதும் அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

படி 2: எட்டு வாரத்துக்குள் அடங்கும் கேள்வி

"கடலில் எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது" என்பது எட்டு வாரக் கேள்வி அல்ல. ஆய்வகத்தில் ஏற்கெனவே எடுத்துவைத்த மாதிரிகள் இருந்தால் அவற்றிலிருந்து ஒரு சிறு பகுதியைக் கேட்டு வாங்குங்கள். களத்துக்குப் போய்த்தான் தீருவேன் என்று அடம்பிடித்தால், வானிலையும் படகும் அனுமதியும் சேர்ந்து பாதி நாட்களைத் தின்றுவிடும்.

என்னைக் கேட்டால், இன்டர்னுக்கு மிகப் பொருத்தமானது வழிமுறை பற்றிய கேள்விதான். இரண்டு கரைசல்களில் எது எந்த பாலிமரை, அதாவது எந்த வகை பிளாஸ்டிக்கை, நன்றாக மீட்கிறது? இரண்டு பேர் ஒரே வடிதாளை எண்ணினால் எவ்வளவு வேறுபடுகிறது? கேட்க எளிமையாகத் தெரிந்தாலும், இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால் உங்களுக்குப் பின் வரும் அத்தனை பேரும் அதைப் பயன்படுத்துவார்கள்.

படி 3: பிளாங்க் எனும் காவல்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

துணியிலிருந்து இழைகள் ஓயாமல் உதிர்கின்றன. அவை காற்றில் மிதந்து, திறந்திருக்கும் எந்தப் பாத்திரத்திலும் விழும். ஆகவே ஆய்வகத்துக்குப் பருத்தி உடையில் போங்கள். ஸ்வெட்டர், ஃபிளீஸ், பளபளப்பான விளையாட்டு உடை எதுவும் வேண்டாம். லேப் கோட்டும் பருத்தியில் இருக்கட்டும். சில ஆய்வகங்கள் கடலில் அரிதாகத் தென்படும் பளிச்சென்ற நிறத்தில் கோட் வைத்திருப்பார்கள். அந்த நிற இழை வடிதாளில் தெரிந்தால் அது கோட்டிலிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிடும். அப்புறம், தினமும் என்ன நிற உடை அணிந்தீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து ஒரு வடிதாளில் சிவப்பு இழை தெரியும்போது அந்த ஒற்றை வரி உங்களைக் காப்பாற்றும்.

பாத்திரங்கள் கண்ணாடியாகவோ எஃகாகவோ இருக்க வேண்டும். பயன்படுத்தும் நீர், உப்புக் கரைசல், ரசாயனங்கள் எல்லாவற்றையும் முதலில் வடிகட்டி எடுங்கள். கடையில் வாங்கிய உப்பிலேயே துகள்கள் இருக்கும். ஒவ்வொரு பாத்திரத்தையும் வடிகட்டிய நீரால் மூன்று முறை அலசி, உடனே அலுமினியத் தாளால் மூடுங்கள். மேசையை ஈரத் துணியால் துடையுங்கள், அந்தத் துணியும் பருத்திதான். வேலை நடக்கும்போது ஜன்னல், மின்விசிறி, ஏசி மூன்றும் மாசைக் கொண்டுவரும். சுத்தக் காற்று வீசும் அடைப்பு மேடை இருந்தால் அதற்குள் வேலை செய்யுங்கள்.

இத்தனை செய்தாலும் மாசு கலக்கும். எவ்வளவு கலந்தது என்று அளப்பதற்குத்தான் பிளாங்க். மூன்று வகை உண்டு. களத்தில் மாதிரி எடுக்கும்போது பக்கத்தில் திறந்து வைக்கும் சுத்த நீர்ப் பாத்திரம் ஒன்று. ஆய்வகத்தில் மாதிரிக்குச் செய்யும் ஒவ்வொரு படியும் செய்யப்படும் வெறும் நீர் இன்னொன்று. மூன்றாவது, மைக்ரோஸ்கோப்புக்கு அருகே ஈரமான வடிதாளைப் பெட்ரி தட்டில் திறந்து வைப்பது, காற்றில் விழுவதைப் பிடிக்க. மாதிரி திறந்திருக்கும் அதே நேரம் மட்டும் இதுவும் திறந்திருக்க வேண்டும்.

கணக்கு எப்படி வரும் என்று பாருங்கள். மூன்று பிளாங்க்கில் முறையே 4, 5, 6 இழைகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 5, திட்ட விலக்கம் 1. சராசரியுடன் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் 8. கண்டறியும் எல்லையை இப்படி வைப்பது பரவலான வழக்கம். இப்போது உங்கள் கடல்நீர் மாதிரியில் 7 இழைகள் இருந்தால், அதைக் கடலின் கணக்கில் சேர்க்க முடியாது. ஒரு வாரம் உழைத்துக் கிடைத்த எண்ணை இப்படி விட்டுக்கொடுப்பது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் விட்டுவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. மாசு கூடுவது போலவே துகள் தொலைவதும் நடக்கும். பீக்கர் சுவரில் ஒட்டும், புனல் விளிம்பில் நிற்கும். அதனால் எண்ணிக்கை தெரிந்த துகள்களை நீங்களே போட்டு, முழு வழிமுறையும் முடிந்தபின் எத்தனை திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். 20 சிவப்புத் துணுக்கு போட்டு 17 கிடைத்தால் மீட்பு 85 சதவீதம். கண்ணுக்குத் தெரியும் பெரிய துணுக்கோடு நிறுத்தாமல், நீங்கள் தேடும் அளவிலேயே துகள்களைப் போட்டுச் சோதியுங்கள். சிறியவைதான் அதிகம் தொலையும்.

படி 4: மாதிரி எடுப்பது

நீர், மணல், உயிரினம் என்று மூன்றாகப் பிரிக்கலாம்.

கடலின் மேற்பரப்புக்கு மான்டா வலை. வாய் அகலமாக, இரு பக்கமும் இறக்கைபோல் மிதவை வைத்து, திருக்கை மீனைப்போல் இருப்பதால் அந்தப் பெயர். வலைக் கண் பெரும்பாலும் 330 மைக்ரான், அதாவது 0.33 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். படகு மெதுவாக, மணிக்கு இரண்டு மூன்று கடல் மைல் வேகத்தில் போக, படகு கிளப்பும் அலைக்கு வெளியே வலையை இழுக்க வேண்டும். வலை வாயில் ஓட்டமானி பொருத்தாமல் இறக்காதீர்கள். எவ்வளவு நீர் கடந்தது என்று தெரியாமல் துகளை எண்ணிப் பயனில்லை. இழுத்து முடித்ததும் வலையை வெளிப்பக்கத்திலிருந்து நீர் பீய்ச்சிக் கழுவி, எல்லாவற்றையும் அடிக் குடுவைக்குள் இறக்குங்கள். உள்பக்கமாகக் கழுவினால் கழுவும் நீரில் இருக்கும் துகளும் மாதிரியில் சேர்ந்துவிடும்.

காற்று பலமாக வீசும் நாளில் அலை கலக்கிவிடுவதால் மிதக்கும் துகள்கள் கீழே இறங்கும், வலைக்குக் குறைவாகக் கிடைக்கும். ஆகவே காற்றின் வேகத்தைக் கட்டாயம் எழுதுங்கள். இன்னொன்று: மெல்லிய இழைகள் வலைக் கண் வழியே நழுவிப் போகும். கண்ணாடிப் புட்டியில் நீரை அப்படியே மொண்டு நுண்ணிய வடிதாளில் வடித்தால், ஒரு கன மீட்டருக்கான எண்ணிக்கை வலையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக வரும். இரண்டும் சரிதான். ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் தவறு.

மணலுக்கு, கடைசியாகக் கடல் ஏறியபோது குப்பையை ஒதுக்கிவிட்டுப் போன கோட்டைப் பிடியுங்கள். அந்தக் கோட்டின் நெடுகிலும் இடைவெளி விட்டுச் சதுரச் சட்டம் வைத்து, மேல்மண்ணை எஃகுக் கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதியுங்கள். எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்பதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள். குப்பை நிறையத் தெரியும் இடமாகப் பார்த்துச் சட்டத்தை வைக்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காமல் தூரத்தை முன்கூட்டியே சீரற்ற எண்களால் முடிவு செய்துகொண்டு போங்கள்.

சில கரைகளில் பருப்பு அளவில் உருண்டையான மணிகள் கிடைக்கும். அவை நர்டில்கள், தொழிற்சாலைக்குப் போகும் மூலப்பொருள். 2021-இல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஆயிரம் டன்னுக்கும் மேல் இவை கடலில் கொட்டின. தீயில் கருகி உருமாறியவையும் அதில் நிறைய இருந்தன. கருகிய துண்டைக் கண்ணால் பார்த்து பிளாஸ்டிக் என்று சொல்வது கடினம். கருவிகள் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

மீன் குடல் ஆய்வென்றால் நெறிமுறை அனுமதி வாங்கியாயிற்றா என்று முதல் வேலையாகக் கேளுங்கள். மீனின் வெளிப்புறத்தைக் கழுவிய பிறகே கத்தியை வையுங்கள்.

படி 5: கரிமத்தைக் கரைப்பது, மிதக்க வைப்பது

மாதிரியில் பாசி, மிதவையுயிரி, சதை, இலைத் துணுக்கு எல்லாம் கலந்து கிடக்கும். இவைதான் கரிமம். பிளாஸ்டிக்கைச் சிதைக்காமல் இவற்றை மட்டும் கரைக்க வேண்டும்.

நீர், மணல் மாதிரிகளுக்கு 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும், வினையூக்கியாக இரும்பு சல்பேட் கரைசலும் சேர்ப்பது வழக்கம். இந்த வினை தானாகவே சூடேறும். கரிமம் அதிகமிருந்தால் சில நிமிடத்தில் நுரைத்துப் பொங்கி பீக்கரைத் தாண்டிவிடும். மாதிரியைவிடப் பல மடங்கு பெரிய பீக்கர் எடுத்து, புகைபோக்கி அடைப்புக்குள் வைத்து, பக்கத்திலேயே பனிக்கட்டி நீர்த் தொட்டி தயாராக வைத்துக்கொண்டு, பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொடாதீர்கள். மிஞ்சிய பெராக்சைடு கலவையை இறுக மூடிய புட்டியில் வைக்கவே கூடாது. அதிலிருந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், அழுத்தம் கூடிப் புட்டி வெடிக்கும்.

மீன் குடல், சிப்பிச் சதைக்கு 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஏற்றது. சுமார் 40 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் சதை கரைந்து தெளிந்துவிடும். சீக்கிரம் முடிக்கலாம் என்று சூட்டைக் கூட்டினால் பாலியஸ்டர் சிதையத் தொடங்கும். செறிந்த நைட்ரிக் அமிலம் வேகமாகக் கரைக்கும்தான், ஆனால் நைலானையும் சேர்த்துக் கரைத்துவிடும். நைலான் மீன்வலையின் பொருள் அல்லவா? கடல் ஆய்வில் அதைத் தொலைக்க முடியாது.

அடுத்து அடர்த்திப் பிரிப்பு. கடல்நீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.025 கிராம். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் 1-க்குக் கீழே, அதனால் மிதக்கும். நுரைக்காத பாலிஸ்டைரீன் 1.05 அளவு, நைலான் 1.14 அளவு, பெட் பாட்டில் பிளாஸ்டிக் 1.38 அளவு, பிவிசியும் அதைச் சுற்றித்தான். தெவிட்டிய சமையல் உப்புக் கரைசல் 1.2 வரைதான் போகும். மணலை அதில் கலக்கிவிட்டால் முதல் நான்கும் மேலே வரும், பெட்டும் பிவிசியும் மணலோடு அடியில் தங்கிவிடும். "எங்கள் கரையில் பெட் இல்லை" என்று முடிவெழுதுவதற்கு முன் எந்தக் கரைசலில் பிரித்தோம் என்று திரும்பிப் பாருங்கள்.

ஜிங்க் குளோரைடு கரைசலை 1.5-க்கு மேல் கொண்டுபோகலாம், கனமானவையும் மிதக்கும். ஆனால் அது தோலை அரிக்கும், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. ஒருமுறை பயன்படுத்தியதை வடிகட்டி, அடர்த்தியைச் சரிபார்த்து மறுபடி பயன்படுத்துங்கள். கை கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டால் கடலைக் காக்க வந்த நாமே அதற்கு நஞ்சு சேர்த்தவர்கள் ஆவோம்.

கலக்கிய பின் தெளிய விடும் நேரத்தில்தான் பொறுமை வேண்டும். இரவு முழுவதும் மூடி வைத்துவிட்டு, காலையில் மேல்நீரை மட்டும் எடுங்கள். அதே மணலை மொத்தம் மூன்று முறை இப்படிச் செய்யுங்கள். இரண்டாவது முறையிலும் துகள் வருவதைப் பார்த்தால் ஒருமுறை போதாது என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

படி 6: வடிகட்டி எண்ணுவது

வெற்றிடப் பம்ப்பில் கண்ணாடி இழை வடிதாளை வைத்து வடிகட்டுங்கள். அடுத்து அகச்சிவப்புக் கருவியில் வடிதாளோடு சேர்த்து அளக்கப் போகிறீர்கள் என்றால் கண்ணாடி இழை வேண்டாம். அது அகச்சிவப்பை விழுங்கிவிடும், அலுமினியம் ஆக்சைடு தாள் கேட்டு வாங்குங்கள். ஒரே தாளில் அதிகம் ஊற்றித் துகள்களை அடுக்கடுக்காகக் குவிக்காதீர்கள்.

மைக்ரோஸ்கோப்பில் இடமிருந்து வலம், அடுத்த வரியில் வலமிருந்து இடம் என்று உழவு சால்போல் போங்கள். நிறம், வடிவம், நீளம் மூன்றையும் எழுதுங்கள். இழை, துணுக்கு, படலம், நுரை, மணி என்று வடிவங்களைப் பிரிப்பது வழக்கம். உயிரணு அமைப்பு தெரிகிறதா, இழையின் தடிமன் நெடுக ஒரே மாதிரி இருக்கிறதா, நிறம் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் சூடான ஊசியை அருகில் கொண்டுபோகலாம். பெரும்பாலான பிளாஸ்டிக் சுருளும் அல்லது உருகும், பருத்தி உருகாது. டயர்த் துகள் போன்ற ரப்பரும் உருகாது என்பதால் இது முழுச் சான்று ஆகாது.

நைல் ரெட் என்ற சாயம் போட்டு நீல ஒளியில் பார்த்தால் பல பிளாஸ்டிக்குகள் ஒளிரும், எண்ணுவது வேகமாகும். கரையாமல் மிஞ்சிய கொழுப்பும் அதே போல ஒளிரும், கவனம்.

ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் எண்ணாதீர்கள். கண் களைத்துவிட்டால் வெள்ளைத் துகள்களும் நிறமற்ற துகள்களும்தான் முதலில் விடுபடும். பத்து வடிதாளில் ஒன்றையாவது இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள், உங்கள் எண்ணிக்கையை அவரிடம் சொல்லாமல்.

படி 7: என்ன பிளாஸ்டிக் என்று உறுதி செய்வது

கண் சொல்வது ஊகம். குறிப்பாக ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போகப் போகக் கண்ணின் தவறு கூடும். உறுதி செய்ய இரண்டு கருவிகள் பரவலாக உள்ளன.

ஒன்று எஃப்டிஐஆர் எனும் அகச்சிவப்பு நிறமாலைக் கருவி. இடுக்கியால் எடுக்கக்கூடிய துகளை வைரப் பட்டகத்தின் மேல் வைத்து அழுத்தி அளக்கலாம். மைக்ரோஸ்கோப் இணைந்த கருவியில் 10, 20 மைக்ரான் வரை இறங்கலாம். இன்னொன்று ராமன் நிறமாலை, 1 மைக்ரான் வரை போகும். 1921-இல் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வி சி. வி. ராமனைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தேடல் 1928-இல் ராமன் விளைவில் போய் முடிந்தது. கடலைப் பார்த்துத் தொடங்கிய அந்த அறிவு இன்று கடலில் கிடக்கும் பிளாஸ்டிக்குக்குப் பெயர் சொல்கிறது. கருவியின் முன் உட்காரும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அகச்சிவப்பு நிறமாலையில் சில முகடுகளை, அதாவது கோடு மேலே எழும் இடங்களை, பழகிக்கொள்ளுங்கள். பாலிஎத்திலீனுக்கு 2915, 2848 அலை எண்களில் இரட்டை முகடு, 720 பக்கம் ஒரு சிறு முகடு. பாலிபுரொப்பிலீனில் 1376-இல் தெளிவான ஒரு முகடு எழும். பெட்டுக்கு 1715 அருகில் உயரமான முகடு. நைலானுக்கு 1640, 1540 பக்கம் இரண்டு. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். புரதத்துக்கும் ஏறத்தாழ அதே இடத்தில் இரண்டு முகடு உண்டு. சரியாகக் கரையாத சதையை நைலான் என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம்.

மென்பொருள், தெரிந்த பொருள்களின் நிறமாலைகளைத் தொகுத்த நூலகத்தோடு ஒப்பிட்டு "80 சதவீதப் பொருத்தம்" என்று காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள், இரண்டு நிறமாலையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீங்களே பாருங்கள். வெயிலில் நாட்பட்ட பிளாஸ்டிக்கில் ஆக்சிஜனேற்றத்தால் 1715 பக்கம் புதிதாக ஒரு முகடு எழும், புதுப் பிளாஸ்டிக் நூலகத்தோடு பொருத்தம் குறையும். ஓபன் ஸ்பெசி என்ற இலவச இணையக் கருவியில் நிறமாலையைப் பதிவேற்றி ஒப்பிடலாம், பயிற்சிக்கு மிக நல்லது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் பட்டகத்தை ஆல்கஹாலால் துடைத்துப் பின்னணியை அளந்துகொள்ளுங்கள். முந்தைய துகளின் துணுக்கு ஒட்டியிருந்தால் அடுத்ததும் அதே பிளாஸ்டிக் ஆகிவிடும்.

எல்லாத் துகளையும் அளக்க நேரம் இருக்காது. அப்போது எத்தனையை அளந்தீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். "பிளாஸ்டிக் போலத் தெரிந்தவை 60, அளந்தவை 20, உறுதியானவை 14" என்று எழுதினால் படிப்பவர் உங்களை நம்புவார்.

படி 8: எண்ணை அலகாக்குவது

உங்கள் வலை வாய் 0.6 மீட்டர் அகலம், இழுத்த தூரம் 1,500 மீட்டர் என்றால் வருடிய பரப்பு 900 சதுர மீட்டர், அதாவது 0.0009 சதுர கிலோமீட்டர். பிளாங்க் கழித்து 45 துகள்கள் உறுதியானால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 50,000. எண் பிரமாண்டமாகத் தெரிந்தாலும் அதற்கு அடியில் இருப்பது 45 துகள்தான். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். மணலுக்கு உலர்ந்த எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை என்று சொல்வது வழக்கம். ஈர மணலின் எடையைப் போட்டால் ஒப்பிடவே முடியாது.

அளவீட்டின் கீழ் எல்லையை மறக்காமல் சொல்லுங்கள். 330 மைக்ரானுக்குக் கீழே உங்கள் வலை குருடு. நீளம் அளக்க இமேஜ்ஜே என்ற மென்பொருள், கணக்குக்கும் வரைபடத்துக்கும் ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல்மொழி, எல்லாமே இலவசம். முதல் வாரத்திலேயே ஒரு மாலையை ஒதுக்கிப் பழகுங்கள்.

படி 9: கடைசி இரண்டு வாரம்

ஆறாவது வாரத்தோடு ஆய்வக வேலையை நிறுத்திவிடுங்கள். இன்னும் நான்கு மாதிரிதானே என்று நீட்டிக்கொண்டே போனால் எழுத நேரம் மிஞ்சாது. அறிக்கையில் வழிமுறைப் பகுதியை முதலில் எழுதுங்கள், குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. பிளாங்க் முடிவுகளைக் கடைசிப் பக்கத்தில் ஒளிக்காமல் மாதிரிகளின் எண்களுக்குப் பக்கத்திலேயே அட்டவணையில் வையுங்கள். ஆய்வகக் கூட்டத்தில் பேசச் சொன்னால், தோற்றுப்போன ஒரு சோதனையையும் சேர்த்துக் காட்டுங்கள். அந்த ஸ்லைடுக்குத்தான் கேள்விகள் வரும்.

பரிந்துரைக் கடிதத்தை ஆய்வகத்தில் இருக்கும்போதே நேரில் கேளுங்கள். தரவுக் கோப்புகளில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், என்ன அலகு என்று தனிப் பக்கம் எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் உங்களைத் தொலைபேசியில் அழைக்காமலே புரிந்துகொள்ள வேண்டும்.

வடிதாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னும் நல்ல கருவி வரும்போது யாராவது அவற்றை மறுபடி அளக்கக்கூடும். ஒவ்வொன்றையும் மூடிய கண்ணாடிப் பெட்ரி தட்டில் வைத்து, மாதிரி எண், எடுத்த தேதி, வடித்த தேதி, உங்கள் பெயரின் முதலெழுத்து நான்கையும் தட்டின் அடிப்பாகத்தில் எழுதுங்கள். மூடியில் எழுத வேண்டாம். இரண்டு தட்டுகளைச் சேர்ந்தாற்போல் திறந்தால் மூடிகள் மாறிவிடும்.